உள்ளூர்ப் பயிற்சியாளருக்கு எப்போதும் இரண்டாவது நாற்காலிதானா? கண்டதைச் சொல்லுங்கள்

நாலாவது ஸ்லிப்:

ஐபிஎல் தொடங்கிய 2008 முதல் 2021 வரை கோப்பையை வென்ற ஓர் அணிக்குக்கூட இந்தியர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2022இல் ஆசிஷ் நெஹ்ராவின் குஜராத்தான் அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தது. 2024இல் கொல்கத்தாவுக்கு சந்திரகாந்த் பண்டிட். இது பெரிய இடத்துக் கதை. என்னிடம் இருப்பது சின்ன இடத்துக் கதை.

என் மகன் இடக்கைச் சுழற்பந்து வீசுகிறான். சென்னையில் அவன் போகும் அகாடமியில் ஒரு சார் இருக்கிறார். முதல் டிவிஷன் லீக்கில் நீண்ட காலம் ஆடியவர். "முன்கால் குறுக்கே விழுகிறது, இடுப்பு திரும்ப இடமில்லை, பந்து லெக் சைடுக்குச் சரிகிறது" என்று தொண்டை வற்றச் சொல்வார். பையன் தலையாட்டுவான், மறுபடி அப்படியே வீசுவான்.

கோடை விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவரை இயக்குநர் என்ற பட்டத்தோடு வரவழைத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம். இருந்தும் இடம் கிடைக்கவில்லை என்று சிலர் சண்டை போட்டார்கள். அவர் சில பந்துகளைப் பார்த்தார், கிரீஸில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார், முன்கால் இதைத் தாண்டி வரக்கூடாது என்றார். அதே குறை, அதே மருந்து. அன்றிரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புகழாரம். எங்கள் சார் அந்த நேரம் வலைக்குப் பின்னால் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளூர் மாடு விலை போகாது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

யார்க்கர் முயற்சி:

அண்ணா, சுண்ணாம்புக் கோடு போட உங்கள் சாருக்கு யாரும் தடை போடவில்லையே? கத்துவதற்கும் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

ஓர் ஐபிஎல் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசப் போயிருந்தேன். தலைமைப் பயிற்சியாளர் வெளிநாட்டவர், நல்ல மனிதர், எங்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போட்டிக்கு முன்தினம் பந்துவீச்சாளர் கூட்டம். திரையில் எதிரணி பேட்ஸ்மேன்கள் அடித்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். கடைசி ஓவர்களில் எங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன் புறங்கையிலிருந்து விடும் மெதுவான பந்தை வீச வேண்டும் என்பது திட்டம். "புரிந்ததா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவனும்தான்.

கூட்டம் முடிந்ததும் உதவிப் பயிற்சியாளர் அவனை பவுண்டரி கயிற்றோரம் அழைத்துப் போனார். குந்தி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடிகளைப் புல்லில் ஃபீல்டர்களாக வைத்து, தமிழில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பனி இறங்கினால் அந்தப் பந்து அவன் கையில் நிற்காது, நழுவி, தரையில் படாமல் பேட்டுக்குப் போகும் ஃபுல்டாஸாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே பையனைப் பார்ப்பவர். "பனி வந்தால் அதை விடு, பிட்சில் வேகமாகக் குத்து" என்றார்.

இதை ஏன் சார் கூட்டத்திலேயே சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "தம்பி, என் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கிறது" என்றார்.

தலைமைப் பயிற்சியாளர் எந்த நாட்டுக்காரர் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தெரிந்தவர் வாய் மூடியிருக்கும்படி அறையை அமைத்ததுதான் உறுத்துகிறது.

சேப்பாக்கம் வெயில்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். 2000ஐ நினைத்துப் பாருங்கள். சூதாட்டப் புகாரில் இந்திய கிரிக்கெட் நாறிக் கிடந்தது. யாரைப் பயிற்சியாளராகப் போட்டாலும் மும்பைக்காரர், கர்நாடகக்காரர் என்று மண்டலக் கணக்குப் பார்க்கும் ஊர் இது. நியூசிலாந்தின் ஜான் ரைட் வந்தார். அவருக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது. அடுத்த மார்ச்சில் ஈடன் கார்டனில் ஃபாலோ ஆன் வாங்கி, பின்தங்கியதால் உடனே மறுபடி பேட் செய்ய வைக்கப்பட்ட பிறகும் ஆஸ்திரேலியாவை வென்றோம்.

மாவட்டத் தேர்வுக்கு என் தம்பியை அழைத்துப் போனபோது, தேர்வாளர் தன் அகாடமிப் பையன்களுக்கு மட்டும் புதுப் பந்து கொடுத்ததைப் பார்த்தவன் நான். முகம் தெரியாத அந்நியர் யாராவது அந்த நாற்காலியில் இருக்கக் கூடாதா என்று அன்று தோன்றியது. வெளிநாட்டவர்மேல் உள்ள மோகத்தில் பாதி, நம்மவர்மேல் உள்ள அவநம்பிக்கை. சென்னை ஐபிஎல் அணிக்கு நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்த நியூசிலாந்துக்காரர் ஃபிளெமிங்கைச் சென்னையில் யாரும் வெளியாளாகப் பார்ப்பதுமில்லை.

அதற்காக வெளிநாட்டு முத்திரையே உத்தரவாதமும் ஆகாது. ரைட்டுக்குப் பின் பயிற்சியாளராக வந்த ஆஸ்திரேலியர் கிரெக் சேப்பல் காலத்தில் டிரெஸ்ஸிங் ரூம் இரண்டுபட்டதும், 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பியதும் மறந்துவிடவில்லை. அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையை வென்றபோது நம்மவரான லால்சந்த் ராஜ்புத் மேலாளராக உடன் போயிருந்தார். அவர் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆஃப் ஸ்பின் அக்கா:

பெண்கள் பக்கத்தை யாரும் தொடவில்லையே. 2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து அணிகளில் மூன்றுக்கு ஆஸ்திரேலியக் கேப்டன்கள்: லானிங், ஹீலி, மூனி. இந்திய ஆல்ரவுண்டர் தீப்தி சர்மாவை ஏலத்தில் 2.6 கோடி ரூபாய்க்கு வாங்கிய உத்தரப் பிரதேச அணி, அவரைத் துணைக் கேப்டனாக்கியது. கேப்டன் ஹீலி காயத்தால் விலகிய 2025இல்தான் கேப்டன் பொறுப்பு தீப்தி கைக்கு வந்தது.

மாநில அணிக்கு ஆடிய காலத்தில் எனக்கும் இது நடந்தது. வெளிமாநிலத்திலிருந்து வந்த மூத்த வீராங்கனைக்குக் கேப்டன் பதவி. ஃபீல்டிங் அமைத்ததெல்லாம் நான். தோற்றால் மட்டும் "நீ சொன்ன ஃபீல்டிங்தானே" என்பார்கள். ஒருமுறை மிட் ஆன் ஃபீல்டரை நான் நகர்த்தியதற்காக ஓய்வறையில் எல்லார் முன்னும் திட்டு வாங்கினேன். அடுத்த ஆட்டத்தில் அவரே அதே இடத்தில் மிட் ஆனை நிறுத்தினார், யாரும் வாயைத் திறக்கவில்லை.

2025 நவம்பரில் நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் அமோல் முசும்தார். முதல்தரப் போட்டிகளில் 11,000 ரன்களுக்கு மேல் எடுத்தும் இந்தியாவுக்கு ஒரு போட்டிகூட ஆடாதவர். இறுதியில் ஐந்து விக்கெட் எடுத்து, தொடரின் சிறந்த வீராங்கனையானவர் அதே தீப்தி. அன்று இரவு என் பழைய அணித்தோழி தொலைபேசியில் அழைத்து, "இனிமேல் கேப்டன் யார் என்று ஏலத்துக்கு முன்பே கேட்பார்களா?" என்றாள். கேட்க மாட்டார்கள் என்றுதான் சொன்னேன்.