புதுப்பிப்பு: மாடித் தரைக் கட்டைகளைப் பிரித்துப் பார்த்தாச்சு

கும்பகோணம் வீட்டில் மாடித் தரை ஒரு மூலையில் அமுங்குகிறது, கீழே கட்டை ஓரம் கறுத்திருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அந்த மூலையைப் பிரித்துவிட்டோம். மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக் கட்டைகள் மேல் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிப் போடும் பழைய முறை. கரையான் இல்லை, ஈரம்தான். குளியலறைக் கசிவு சுவருக்குள் இறங்கி, அதில் புதைந்திருந்த கட்டை முனைகள் மட்டும் உளுத்துவிட்டன. ஸ்குரூடிரைவரை அழுத்தினால் நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது, ஒரு சாண் தள்ளி அதே தேக்கு கல்லாட்டம் நிற்கிறது. ஆசாரி முட்டுக் கொடுத்து, 3 கட்டைகளில் அழுகியதை நல்ல மரம் வரை அறுத்துவிட்டு, பக்கத்தில் பழைய தேக்கையே சேர்த்து போல்ட் போட்டார். சுவரில் சிமென்ட் பூச்சைத் தட்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறோம், ஈரம் வெளியேற வழி வேண்டுமே. தயவுசெய்து கசிவை நிறுத்தாமல் கட்டையை மாற்றாதீர்கள். நாங்கள் குழாயை மாற்றி, 3 வாரம் காயவிட்ட பிறகுதான் மரத்தில் கை வைத்தோம்.