ஷெஃபீல்டு பெரியவர்கள் சொன்ன உருக்குக் கதைகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் "பழைய வரலாறு ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டால், "அதெல்லாம் மியூசியத்தில் இருக்கு, போய்ப் பாரும்மா" என்று முடித்துவிடுவார். "நீங்க எங்கே வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும், பேச்சு ஓயாது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. இந்த ஊரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் சூப் சுடவைக்கும்போதும் காதில் விழுந்ததுதான்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. டான், ஷீஃப், போர்ட்டர், ரிவலின், லாக்ஸ்லி என்று ஐந்து ஆறுகள் மேட்டிலிருந்து இறங்கி வரும் ஊர். அந்தத் தண்ணீர் வேகத்தில்தான் முதலில் சாணைக்கற்கள் சுற்றின, கத்தித் தொழில் வேர்பிடித்தது. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், ஸ்பிரிங்குக்கு நல்ல உருக்கு கிடைக்கவில்லையே என்று தானே மூசையில், அதாவது உலோகம் உருக்கும் களிமண் பானையில், வைத்து உருக்க ஆரம்பித்தார். 1913இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத ஸ்டீலை இங்கேதான் கண்டுபிடித்தார். இவையெல்லாம் சுற்றுலாப் பலகைகளிலேயே இருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் வீடுகளில் ஒரு பாட்டி. பதினைந்து வயதில் 'பஃபர் கேர்ள்' ஆகச் சேர்ந்தவர். ஸ்பூனுக்கும் ஃபோர்க்குக்கும் பளபளப்பு ஏற்றுகிற பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். தோல் போர்த்திய சக்கரம் வேகமாகச் சுற்றும். எண்ணெயில் குழைத்த மணலை அள்ளி வைத்து, ஸ்பூனை அழுத்திப் பிடிக்க வேண்டும். கருஞ்சேறு முகத்திலும் மார்பிலும் தெறிக்கும். அதனால் வெள்ளை அங்கிக்கு மேல் பழுப்புத்தாளை ஏப்ரன் மாதிரிக் கட்டிக்கொள்வார்களாம். காலுக்குச் செய்தித்தாள், தலைக்குச் சிவப்புத் துணி. சாயங்காலம் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கும்பலாகப் பஸ் ஏறுவார்கள். "எங்க பக்கத்தில் எவளும் உட்கார மாட்டா கண்ணு, எங்களுக்கு அதுவே வசதி" என்பார்.

ஒருநாள் சாப்பாடு வைத்துவிட்டு நிமிர்ந்தால், பாட்டி பழைய பேப்பர் ஒன்றை எடுத்துத் தன் முழங்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார், எனக்குக் காட்டுவதற்காக. டீக் கோப்பையைப் பிடிக்கவே தடுமாறுகிற விரல்கள் அவை. முடிச்சு மட்டும் ஒரே இழுப்பில் விழுந்தது. இன்றைக்கும் புது ஸ்பூன் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்க முத்திரையைப் பார்ப்பார். உள்ளூர்ச் சரக்கு இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். பிறகுதான் சூப்.

இந்தப் பெண்கள் கறுத்துப் போனார்கள் என்றால், சாணை பிடித்த ஆண்கள் மஞ்சளாகிப் போனார்கள். மணற்கல் தேய்ந்து வரும் சேறு அந்த நிறம். பூசிக்கொண்டதோடு போயிருந்தால் பரவாயில்லை, பொடி நுரையீரலுக்குள்ளும் இறங்கியது. 19ஆம் நூற்றாண்டில் தண்ணீர் படாத உலர்ந்த கல்லில் ஃபோர்க் தீட்டியவர்களில் பலர் முப்பதுகளிலேயே செத்துப்போனார்கள். போர்ட்டர் ஓடைக்கரையில் ஷெப்பர்டு வீல் என்ற பழைய சாணைப் பட்டறையைத் தண்ணீர்ச் சக்கரத்தோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் ஜன்னல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

என்னை அசரவைத்த சந்திப்பு அபிடேல் பட்டறையில். ஒரு காலத்தில் அரிவாள் செய்த இடம், இப்போது மியூசியம். பழைய மூசை உலை முழுசாக அங்கே இருக்கிறது. உலோகத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நம்ம ஊர்த் தட்டார் பொன்னுருக்கும் மூசைக்குப் பெரியண்ணன் மாதிரி, முழங்கால் உயரக் களிமண் பானை. அந்தக் களிமண்ணைக் கையால் பிசைய மாட்டார்களாம். வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். குட்டிக் கல் ஒன்று இருந்தாலும் பாதம் கண்டுபிடித்துவிடும், அதை விட்டுவிட்டால் உலைக்குள் பானை வெடித்துவிடும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பானையும் மூன்று உருக்கலுக்கு மேல் தாங்காது. உருக்கு பதமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் கிடையாது, கண்தான். பானையைத் தூக்குபவர் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தரையோடு தரையாக இருக்கும் உலை வாய்க்கு மேல் காலை அகட்டி நின்று, நீள இடுக்கியால் இழுப்பார். வேர்த்து வழிகிறவர்களுக்குப் பீர் வாங்கி வரத் தனியாகப் பையன்கள் ஓடுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் "நீ எந்த ஊரும்மா?" என்றார். மெட்ராஸுக்குத் தெற்கே, கடலூர்ப் பக்கம் என்றேன். "போர்ட்டோ நோவோவா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரங்கிப்பேட்டையை அந்தப் பெயரால் சொல்கிறவர்கள் நம்ம ஊரிலேயே குறைவு. ஜோசையா மார்ஷல் ஹீத் கதையை அப்புறம்தான் சொன்னார். மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார், சேலத்துத் தாதுவை நம்பி. பின்னால் ஷெஃபீல்டுக்கு வந்து, மூசையில் மாங்கனீஸ் சேர்த்தால் உருக்கின் தரம் கூடுகிறது என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை நல்ல உருக்குக்கு விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த பட்டறைகள் மலிவான இரும்பையும் பயன்படுத்த வழி பிறந்தது. ஆனால் காப்புரிமையில் எழுதியபடி செய்யாமல், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் நேராக மூசைக்குள் போட்டாலே போதும் என்று மற்றவர்கள் கண்டுகொண்டார்கள், பணம் தர மறுத்தார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1855இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. "நாங்க அவரைச் சுத்தமா ஏமாத்திட்டோம்" என்று ஏதோ போன வாரம் நடந்த மாதிரி தலையை ஆட்டினார் பெரியவர். சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கடற்கரை ஊருக்காக யார்க்‌ஷயரில் ஒருவர் வருத்தப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழி கேட்பது தனி வேடிக்கை. இருக்கிற கட்டடத்தை யாரும் அடையாளம் சொல்ல மாட்டார்கள். "ஓட்டை இருந்ததே, அங்கே இறங்கிக்கோ" என்பார்கள். காஸில் சதுக்கத்தில் சாலைக்கு அடியில் 1967இல் திறந்த வட்டமான நடைபாதைச் சந்திப்பு அது. நடுவில் வானம் தெரியும், சுவரில் மீன்தொட்டி. டிராம் வருவதற்காக 1994இல் மூடிவிட்டார்கள். காதலர்கள் சந்தித்த இடம், அம்மாவைத் தொலைத்த குழந்தை நின்ற இடம், எல்லாம் அந்த மீன்தொட்டிதான்.

போர்க்காலம் பற்றி மட்டும் வளவளவென்று பேச மாட்டார்கள். 1940 டிசம்பர் 12 இரவு குண்டுவீச்சில் ஃபிட்சாலன் சதுக்கத்து மார்ப்பிள்ஸ் ஹோட்டல் இடிந்து, நிலவறையில் ஒதுங்கியிருந்தவர்களில் சுமார் எழுபது பேர் செத்தார்கள், ஏழு பேரை உயிரோடு எடுத்தார்கள். நான் கவனித்துக்கொள்கிற அந்த ஸ்பூன் பாட்டி அப்போது சின்னக் குழந்தை. மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருந்ததைச் சொல்வார், அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். 1864 மார்ச் 11 இரவு டேல் டைக் அணை உடைந்து 240 பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போனதைப் பற்றியோ, லாக்ஸ்லி பள்ளத்தாக்கில் நாயோடு நடக்கிற யாரை நிறுத்திக் கேட்டாலும் நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள்.

ஒரு டாக்ஸிக்காரர் ஏமன் வம்சாவளி. 1950களிலிருந்து ஏமன்காரர்கள் நிறையப் பேர் இங்கே உருக்காலைகளுக்கு வந்தார்கள், சூடும் சத்தமும் அதிகமான வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. அவருடைய அப்பாவுக்குக் காது போய்விட்டது. "வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கல்யாணமாகி வந்த என் பெண்டாட்டி, சண்டை போடுறோம்னு நினைச்சுட்டா" என்றார். 1980களில் ஆலைகள் வரிசையாக மூடியபோது அப்பா திரும்ப ஊருக்குப் போகவில்லை. பேரப்பிள்ளைகள் இங்கே.

அப்படி மூடிய ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை இருந்த நிலத்தில்தான் 1990இல் திறந்த மெடோஹால் வணிக வளாகம் நிற்கிறது. ஷாப்பிங் போகிறவர்களுக்காக உள்ளே உருக்கு வார்க்கும் தொழிலாளர்களின் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, வேலையைப் பிடுங்கிவிட்டு மாலை போடுகிற காரியம். சிட்டி ஹால் வாசலில் 2016இல் வைத்த 'உருக்குப் பெண்கள்' சிலை வேறு ரகம். போரில் ஆலையை ஓட்டிவிட்டு, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் தாங்களே போராடி வாங்கியது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கெல்ஹாம் தீவு மியூசியத்துக்கு, டான் ஆற்று நீராவி எஞ்சின் ஓடும் நேரம் பார்த்துப் போங்கள். 1905இல் செய்தது, 12,000 குதிரைத் திறன். போர்க்கப்பல் கவசத் தகடு உருட்டிய எஞ்சின். முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை இரண்டே நொடியில் எதிர்த்திசைக்குத் திருப்புவார்கள், தரை அதிரும். ஓடி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஓரத்தில் கைகட்டி நிற்கிற பெரியவர் யாராவது கண்ணில் பட்டால், "எந்த ஆலையில் இருந்தீங்க?" என்று கேளுங்கள். வண்டி நிறுத்தக் கட்டணத்தை மட்டும் சாயங்காலம் வரைக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வாருங்கள்.