கரும்புத் தோட்டத்தில் ஆர்பிஎல் என்ற சென்சார் ரூட்டிங் புரோட்டோகாலை ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மண் ஈரம் அளக்கும் சென்சார்களுக்கான ரூட்டிங்தான் (தகவல் போகும் வழியைத் தேர்வது) தலைப்பு. 2012-இல் ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) 6550 ஆக வந்த ஆர்பிஎல் புரோட்டோகாலை எடுத்திருக்கிறேன். கூஜா சிமுலேட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அலங்காநல்லூர் பக்கம் மாமாவின் கரும்புத் தோட்டத்தில் வைத்தால் கதையே வேறு. கரும்பு ஆளுயரம் தாண்டியதும் ஈரமான தோகை 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் குடித்துவிடுகிறது, லிங்க் தரம் ஏறி இறங்க நோடுகள் (சென்சார் கருவிகள்) பேரன்ட்டை (தகவலை வாங்கி மேலே அனுப்பும் அடுத்த நோடை) மாற்றிக்கொண்டே இருக்கின்றன, அப்புறம் கட்டுப்பாட்டுச் செய்திகளின் இடைவெளியை நிர்ணயிக்கும் ட்ரிக்கிள் டைமர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி, அந்தச் செய்திகள் பெருகி, பேட்டரி சீக்கிரம் காலி.

இந்தப் பேரன்ட் தாவலைத் தடுக்கத்தான் ஆர்எஃப்சி 6719-இல் ஒரு வரம்பு இருக்கிறது. மதிப்பு 192 (128 என்பது ஒரு ஈடிஎக்ஸ்), அதாவது புதுப் பாதையின் ஈடிஎக்ஸ் (செய்தி போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற கணிப்பு) 1.5 அளவாவது குறைவாக இருந்தால்தான் மாறும். அதைக் கூட்டினால் தாவல் குறையும், ஆனால் செத்த லிங்கையே பிடித்துத் தொங்கும். கைடு கூட்டச் சொல்கிறார். எனக்கு ஆன்டெனாவைக் கம்பில் உயர்த்துவதே சரி என்று படுகிறது (அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, அது வேறு விஷயம்).

பயிர் வளர வளர இந்த வரம்பைத் தானாக மாற்றும் முறையை யாராவது செய்து பார்த்தீர்களா? கான்டிக்கி-என்ஜி (சென்சார் கருவிகளுக்கான இயங்குதளம்) லாக் இருந்தால் பகிருங்கள். மேலூர், சோழவந்தான் பக்கம் வாழையோ தென்னையோ வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாள் நோடுகளை வைக்க இடம் தந்தால் ரொம்ப உதவியாக இருக்கும், தண்ணீர் பாய்ச்ச இடைஞ்சல் இருக்காது.