அவுட்ரீச்சி விண்ணப்பத்தில் சொந்தக் கதையை எவ்வளவு எழுதுவது?

மூன்றாம் ஆண்டு மாணவி கேட்டது:

தொழில்நுட்பத் துறையில் குறைவாக இருப்பவர்களுக்கான பயிற்சித் திட்டமான அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். மூன்று மாதம், வீட்டிலிருந்தே ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மென்பொருள்) வேலை, 7,000 டாலர் உதவித்தொகை. முதல் கட்டத்திலேயே கட்டுரைக் கேள்விகள் வருகின்றன. உங்கள் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் உங்களைப் போன்றவர்கள் குறைவா, படிக்கும்போது என்ன பாகுபாட்டைச் சந்தித்தீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எழுத ஆரம்பித்தால் யாரிடமோ கை நீட்டுவது போல இருக்கிறது. குறைத்து எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்றும் பயம். முடித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:

என்னைக் கேட்டால் வேண்டாம். "சலுகையில் வந்தவள்" என்று பின்னால் பேசுவார்கள். இதே மாதிரி ஓப்பன் சோர்ஸ் வேலைக்குப் பணம் தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்தே நடக்கிறது. அங்கே யாரும் உங்கள் கஷ்டத்தைக் கேட்பதில்லை.

பதில் 2:

நான் அவுட்ரீச்சி முடித்தவள். முதலில் மேலே உள்ள பதிலுக்கு: 2006-ல் அந்த சம்மர் ஆஃப் கோட் வழியாக க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. யாரையும் எதுவும் கேட்காத வாசலில் வந்து நின்ற கூட்டம் அது. அதைப் பார்த்துத்தான் க்னோம்காரர்கள் பெண்களுக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். 2010-லிருந்து தொடர்ந்து நடந்து, இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் இருக்கும் திட்டத்துக்கு விதை அதுதான்.

கட்டுரை விஷயம். அழுகை வேண்டாம். எது எப்படித் தடுத்தது என்று மட்டும் எழுதுங்கள். என் கல்லூரியில் பெண்கள் மாலை ஆறரைக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும். பையன்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஹேக்கத்தான், லினக்ஸ் குழுக் கூட்டம், சீனியர்களோடு உட்கார்ந்து ஏதாவது நோண்டுவது எல்லாமே ஆறரைக்கு மேல்தான். நான் எழுதியது இவ்வளவுதான். அப்பாவின் வருமானம், வீட்டுச் சண்டை எதையும் தொடவில்லை. கை நீட்டுவது மாதிரி எனக்குத் தோன்றவும் இல்லை. புகார் எழுதுவது மாதிரி இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது!

உண்மையான வடிகட்டல் கட்டுரையில் இல்லை. அதற்கடுத்து ஒரு மாதம் போல, நீங்கள் எடுத்த திட்டத்துக்குச் சின்னச் சின்ன வேலைகள் செய்து காட்ட வேண்டும். ரெஸ்யூமே பார்க்க மாட்டார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிறவர்கள் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். யாருக்காகத் திட்டமோ அவர்களே. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பணம் என்ன செய்தது என்றும் சொல்கிறேன். அது வரை மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் தவணை வந்ததும் நிறுத்தினேன். புது போன் வாங்கினாயா என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாங்கியது மாலை நேரத்தை.

இன்னொன்று. குழு அரட்டையில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "இது முட்டாள்தனமான கேள்வியாக இருக்கலாம், மன்னிக்கவும்" என்று தட்டுவேன். என் வழிகாட்டி ஒருநாள், "அந்த வரியை எடுத்துவிட்டு மீதியை மட்டும் போடு, உன் கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அதே குழுவில் அவரும் தனக்குப் புரியாததை எல்லோர் முன்னாலும் கேட்பார், யாரும் சிரிக்க மாட்டார்கள். பயிற்சியின்போது வலைப்பதிவு எழுதத் தலைப்பு தருவார்கள். அதில் ஒன்று, எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது. நான் எங்கே தடுமாறினேன் என்று என் பெயரைப் போட்டு ஊரறிய எழுத வேண்டும். வகுப்பில் தெரியாததை மறைத்தே பழகியவளுக்கு நிரல் எழுதுவதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

சலுகை என்று சொன்னார்களா? சொன்னார்கள். என் பேட்ச் (நான் எழுதிய நிரல் திருத்தம்) மென்பொருளில் இணைந்த பக்கத்தை அனுப்பினேன். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை.

கேட்டவர்:

நன்றி அக்கா. எங்கள் விடுதியிலும் இதே கதைதான், எங்களுக்கு ஆறு மணி. அதைப் பாகுபாடு என்று நான் நினைத்ததே இல்லை. இதை எழுதினால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

பதில் 2:

தெரியாது. கட்டுரைகளை அமைப்பாளர்களும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்களும் மட்டுமே படிக்கிறார்கள். உங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டிக்குக்கூடப் போகாது. கல்லூரியின் கல்வி நாட்காட்டியை மட்டும் இப்போதே தேடி வையுங்கள். வகுப்பும் தேர்வும் போக எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். கட்டுரை நன்றாக இருந்தும் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறவர்கள் உண்டு.