பொருள்: ட்ரிப் ஜெனரேஷன் – தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

திருச்சியிலிருந்து:

வணக்கம். தமிழ்வழி சிவில் மாணவர்களுக்குப் போக்குவரத்துத் திட்டமிடல் எடுக்கிறேன். விசும், டிரான்ஸ்காட், க்யூப் என்று போக்குவரத்தை முன்கணிக்கும் மென்பொருள் எதுவானாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவான நாலு படிதான். வீடு, கடை, பள்ளி, ஆலை இவற்றை வைத்து ஒரு பகுதிக்கு எத்தனை ட்ரிப் என்பது முதல் படி, அதாவது ட்ரிப் ஜெனரேஷன். எங்கிருந்து எங்கே, எதில் ஏறி, எந்தச் சாலை வழியாக என்பவை மற்ற மூன்று. பயண உருவாக்கம், பயணப் பகிர்வு, வாகனத் தேர்வு, பாதை ஒதுக்கீடு என்று குறிப்பில் போட்டிருக்கிறேன். முதலும் கடைசியும் உறுத்துகின்றன. வியாழக்கிழமை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும்.

மதுரையிலிருந்து:

உருவாக்கம் என்றால் யாரோ உட்கார்ந்து செய்தது என்றாகும். பயணமோ வடசொல். தொல்காப்பியர் 'செலவினும் வரவினும்' என்று கிளவியாக்கத்தில் நூற்பாவே தொடங்கிவைத்திருக்கிறார். செலவு என்றால் போதல். தலைவன் கிளம்பத் தயங்குவதற்குச் செலவழுங்கல் என்று அகத்தில் துறையே உண்டு. ஆகவே கிளம்புவது செலவெழுச்சி, வந்து சேர்வது வரவீர்ப்பு. ஜெர்மானியர் வைத்த விசும் என்ற பெயரே எனக்கு விசும்பின் கடைக்குறையாகத்தான் கேட்கிறது. அது தனி மடல்.

சென்னையிலிருந்து:

ஐயா, இரண்டாம் படியிலேயே பயணத்துக்கு ஆகும் செலவு வந்துவிடுகிறது. நேரம், டிக்கெட், பெட்ரோல் எல்லாம் சேர்த்த கணக்கு. 'செலவின் செலவு' என்று எழுதச் சொல்கிறீர்களா?

திருச்சியிலிருந்து:

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் கணக்கில் காலையில் வீட்டிலிருந்து ஆபீஸ் போவதும் வீட்டுக் கணக்கு, மாலையில் திரும்பி வருவதும் வீட்டுக் கணக்கு. ஆபீஸ் இரண்டையும் ஈர்த்ததாகத்தான் எழுதுவார்கள். செலவு, வரவு என்று திசையைச் சொல்லிவிட்டால் மாலைப் பயணத்தை மாணவன் நேர் தலைகீழாகப் போடுவான்.

நாமக்கல்லிலிருந்து:

இவ்வளவு யோசிப்பானேன்? லாரிப் பட்டறையில் போய்க் கேளுங்கள். பத்து நடை மண், நாலு நடை ஜல்லி. நடை என்று வைத்துவிட்டுப் போங்கள்.

திருச்சியிலிருந்து:

ஆசையாகத்தான் இருக்கிறது அண்ணா. ஆனால் ஒரு நடை என்றால் போய்த் திரும்புவது. மென்பொருளுக்கு ட்ரிப் ஒருவழி. பையன் கணக்கு பாதியாகிவிடும். அதற்குச் சரியான சொல் பஸ்காரர்கள் சொல்லும் 'சிங்கிள்'தான், அதைப் போட்டால் மதுரை ஐயா என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார். மூன்றாம் படியில் நடந்து போகிறவர்களும் வருகிறார்கள், 'நடை நடை' ஆகிவிடும்.

சென்னையிலிருந்து:

மாணவனோடு இது முடியாது. திட்ட அறிக்கை கருத்துக்கேட்புக்கு வரும்போது தெருக்காரர்களும் இந்தச் சொற்களைத்தான் படிப்பார்கள். எங்கள் தெருமுனையில் கல்யாண மண்டபம் வருகிறது என்று வையுங்கள். அதற்கு நாளொன்றுக்கு இத்தனை ட்ரிப் என்று யாரோ ஒரு எண்ணை உள்ளே போடுகிறார்கள். அந்த எண் முகூர்த்த நாளில் எடுத்ததா, ஆடி மாதத்தில் எடுத்ததா? அமெரிக்கக் கையேட்டு விகிதத்தை அப்படியே இறக்கியதா? அதன் பிறகு திரையில் வண்ண வண்ணமாகச் சாலைகள் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 'செலவெழுச்சி' என்று எழுதியிருந்தால் கேள்வி எங்கே கேட்க வேண்டும் என்றே தெரியாது. 'பயணத் தோற்றம்' என்றால் "எங்கிருந்து தோன்றிற்று?" என்றாவது ஒரு பாட்டி கேட்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தோற்றத்துக்கு என் ஆதரவு. இரண்டாவதுக்குப் பகிர்வு வேண்டாம், பரம்பல் என்று போடுங்கோ. எங்கட பக்கம் சனம் எங்கெங்க பரவியிருக்கு எண்டதைக் குடிப்பரம்பல் எண்டு பள்ளிக்கூடத்திலயே படிக்கிறம். நாலாவதுக்கு ஒதுக்கீடு பொருந்தாது. இங்க காணி ஒதுக்கீடு, அங்க இட ஒதுக்கீடு. ரெண்டிலயும் ஒதுக்க ஒரு ஆள் வேணும். 1952 இல வார்ட்ராப் எண்ட போக்குவரத்து ஆய்வாளர் சொன்ன விதியில அப்பிடி ஒருத்தரும் இல்லை. ஒவ்வொருத்தரும் தனக்குக் குறைஞ்ச நேரம் எடுக்கிற பாதையைப் பிடிக்கினம். இனிப் பாதை மாத்தினாலும் லாபமில்லை எண்டு வரேக்க கணக்கு நிக்குது.

மதுரையிலிருந்து:

வழிகாட்டிப் போகவிடுவதற்கு நம்மிடம் ஆற்றுப்படை இருக்கிறது. ஆறு என்றால் வழி. 'ஆற்றுப்படுத்தல்' என்று எழுதுங்கள், பாணன் போன வழியில் பைக்கும் போகட்டும்.

சென்னையிலிருந்து:

ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று மனநல ஆலோசகர் ஐயா. நெரிசலில் நிற்பவருக்கு அதுவும் தேவைதான், ஆனால் அது நான்காம் படியில் இல்லை.

நாமக்கல்லிலிருந்து:

சாலையில் வண்டிகளை ஏற்றிப் பார்ப்பதுதானே? லோடு ஏற்றுவது மாதிரி. பாதையேற்றம்.

திருச்சியிலிருந்து:

இது பிடித்திருக்கிறது! பொறியாளர்களும் நெட்வொர்க் லோடிங் என்கிறார்கள். பயணத் தோற்றம், பயணப் பரம்பல், வாகனத் தேர்வு, பாதையேற்றம் என்று நகலுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் ஆங்கிலப் பெயரும் இருக்கிறது. நடந்து போகிறவரை 'வாகனத் தேர்வு' எப்படிக் கொள்ளும் என்று வகுப்பில் யாராவது கேட்டால் திரும்ப வருவேன்.

மதுரையிலிருந்து:

தோற்றம் என்றால் பிள்ளைகள் முகத்தோற்றம் என்பார்கள். ஏற்றம் கிணற்றில் இருப்பது. என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். செலவழுங்கல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.