உப்பு ஏற்றிய பழைய பஜாஜ் மூன்று சக்கர வண்டி: துருவை வீட்டிலேயே நீக்க முடியுமா?

கேள்வி: உப்பளத்துப் பிள்ளை (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1976ஆம் ஆண்டு வாங்கிய பஜாஜ் சரக்கு மூன்று சக்கர வண்டி, எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் 2003 முதல் அசையாமல் நிற்கிறது. 150 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். ஓட்டுநர் கையால் நெம்புகோலை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய வகை. உப்பளங்களிலிருந்து மூட்டைகளை ஏற்றி ஊர்க் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் இருபத்தேழு ஆண்டுகளும் அதன் வேலை. தந்தையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையால் பழகிய வண்டியை நானே சரிசெய்து மறுபடியும் ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்றைய நிலை இதுதான். ஓட்டுநர் கால் வைக்கும் தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தகரம் உதிர்கிறது. சரக்குப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. வலப்புறச் சட்டத்தில் துரு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து வருகிறது. இன்ஜின் இறுகிவிட்டது. பெட்ரோல் டேங்கை அசைத்தால் உள்ளே மணல் குலுங்கும் ஓசை கேட்கிறது.

வெள்ளோட்டமாகப் பின்கதவை மட்டும் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, கடையில் விற்கும் துரு மாற்றும் திரவத்தைப் பூசி, அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு கோட்டிங் அடித்தேன். ஐப்பசி மழை தொடங்கி நாற்பது நாள் ஆவதற்குள் பெயிண்டின் மேல் வேர்க்குரு போலப் பொடிப் பொடியாகக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் அடியில் ஈரமான கருந்துரு இருக்கிறது. நான் செய்த தவறு என்ன? டிங்கரிங் பட்டறை ஒன்றில் கேட்டபோது, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பாடி கட்டிவிடலாம் என்றார்கள். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் ஆங்கிள் கிரைண்டர், பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், சிறிய CO2 வெல்டிங் மெஷின் ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்து முடிக்க முடியுமா?

பதில்: பழைய தகரம் (நாகப்பட்டினம்)

தம்பி, உங்கள் கை வேலையில் குறையில்லை. நீங்கள் துருவை மட்டும் எடுத்தீர்கள், உப்பை எடுக்கவில்லை. கடற்கரையில் முப்பது ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். உப்பு பட்டு அரித்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்திருக்கும். அவற்றின் அடியில் உப்பிலுள்ள குளோரைடு தங்கிவிடும். கம்பி பிரஷ் அந்தக் குழிகளின் வாயை மெருகேற்றி மூடுமே தவிர, அடிவரை போகாது. துரு மாற்றும் திரவமும் மேலே இருக்கிற துருவைக் கருப்பாக்குவதோடு நின்றுவிடும். குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைப் பெயிண்டையும் தாண்டி இழுக்கும். இரும்பு மறுபடி அரிக்கும். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் ஈரம் புகாது என்று பலர் நம்புகிறார்கள். மேல் பெயிண்ட் இல்லாத ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும் என்பதை உங்கள் பின்கதவே காட்டிவிட்டது.

எனவே முதல் வேலை கழுவுவதுதான். பெயிண்டை எடுத்த தகரத்தைக் குழாய்த் தண்ணீரால், முடிந்தால் கொதிக்க வைத்த தண்ணீரால், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்குமானால் அதை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கழுவியதும் வெயிலில் காயவிடுங்கள். மெல்லிய செந்துரு பூக்கும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடி கழுவுங்கள். இப்படி நான்கைந்து முறையாவது செய்ய வேண்டியிருக்கும். உப்பு போய்விட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நாம் பார்த்த சில்வர் நைட்ரேட் கரைசல்தான் அதற்குத் தேவை. தகரத்தின் மேல் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தெளித்து, வழிந்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, இரண்டு சொட்டுக் கரைசலை விடுங்கள். நீர் பால் கலந்தது போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. தெளிவாகவே இருந்தால் பிரைமருக்குப் போகலாம். கரைசல் விரலில் பட்டால் கறுத்துவிடும், கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

தொட்டிக்குள் முழுகும் அளவுள்ள பாகங்களுக்கு உங்கள் பேட்டரி சார்ஜர் பெரிய உதவி செய்யும். பிளாஸ்டிக் டிரம்மில் பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் வீதம் சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவிலும், பழைய கட்டுமானக் கம்பித் துண்டுகளைப் பாசிட்டிவிலும் இணையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓர் இரவு விட்டால் துரு கருஞ்சேறாகக் கழன்று வரும். உப்பும் இரும்பிலிருந்து பிரிந்து தண்ணீருக்கு வந்துவிடும். கடலுக்கடியில் கிடைத்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அருங்காட்சியகங்களில் இதைப் போன்ற முறையிலும் காப்பாற்றுகிறார்கள். உப்பு தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருப்பதால் தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் பாசிட்டிவில் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாக மாறித் தண்ணீரில் கலக்கும். அலுமினிய பாகங்களை இந்தக் கரைசலில் போட்டால் அரித்துவிடும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம்.

எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்பதைச் சுத்தியல் சொல்லிவிடும். சிறிய சுத்தியலால் ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது, சொத்தென்று கேட்டால் அங்கே துரு மட்டும்தான் இருக்கிறது. ஓட்டுநர் தளத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். சரக்குப் பெட்டியின் மூலைகளை மட்டும் வெட்டி, 18 கேஜ் சிஆர் ஷீட்டில் ஒட்டுப் போடலாம். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டை வாங்காதீர்கள். வெல்டிங் செய்யும்போது வருகிற துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வெல்டிங்கை நீளமாக இழுத்தால் தகரம் அப்பளம் போலச் சுருண்டுவிடும். இங்கொரு புள்ளி, எதிர்ப்புறம் ஒரு புள்ளி என்று வைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, அடுத்த புள்ளியை வையுங்கள். சட்டத்தில் உரிந்துவரும் அடுக்குகளை முழுவதும் தட்டி உதிர்த்துவிட்டு, மிச்சமிருக்கும் கனத்தை அளந்து எழுதுங்கள். சுமை தாங்குகிற பாகம் அது. அதற்கு மேல் தகடு ஒட்டி மறைத்துவிடுவது ஆபத்தானது.

பதில்: திண்டுக்கல் ஸ்கூட்டர்

இவ்வளவு கழுவிக்கொண்டிருப்பதை விட, பாடி முழுவதையும் மணல் பிளாஸ்டிங்குக்கு (காற்றழுத்தத்தால் மணலை அடித்துத் துரு எடுப்பது) கொடுத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடாதா?

பதில்: பழைய தகரம் (நாகப்பட்டினம்)

கனமான சட்டத்திற்கு பிளாஸ்டிங் நல்லதுதான். மெல்லிய தகரம் அந்த அடியில் நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பார்த்தாலும் பழைய வடிவம் திரும்பாது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெள்ளி போல மின்னினாலும் குழிகளில் உப்பு இருக்கக்கூடும். எனவே அதற்குப் பிறகும் கழுவத்தான் வேண்டும். மணலையே பயன்படுத்தும் இடமானால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வீட்டு வளாகத்தில் அதைச் செய்யவே கூடாது.

பெயிண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்பு போன இரும்பில் அன்றைக்கே, வெயில் தாழ்வதற்குள், எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள். இரவுக் கடற்காற்று பட்டால் விடிவதற்குள் துரு பூத்துவிடும். பட்டி வைப்பதானால் பிரைமருக்கு மேலே வையுங்கள். மேல் பெயிண்டுக்கு சிந்தெடிக் எனாமல் போதும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் நச்சு இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அந்த மினுமினுப்புதான் வேண்டுமென்றால் பெயிண்ட் அடிக்கும் பூத் (மூடிய அறை) வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே அதைத் தண்ணீர் விட்டே தேயுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பதில்: கும்பகோணம் லாம்பி

நான் லாம்பிரெட்டா மூன்று சக்கர வண்டி ஒன்றை வீட்டில் வைத்துச் சரிசெய்தவன். அந்த அனுபவத்தில் இன்ஜினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இறுகிய இன்ஜினை ஸ்டார்ட்டர் நெம்புகோலை இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் வாயு போகவர ஜன்னல்கள் இருக்கின்றன. துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங்கை வலுக்கட்டாயமாக நகர்த்தினால் அது ஜன்னல் விளிம்பில் மாட்டி உடையும். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி, ஒரு வாரம் பொறுங்கள். தினமும் ஒரு முறை ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனரை வைத்து, முன்னும் பின்னும் மெல்லிய அழுத்தம் மட்டும் கொடுங்கள். என் வண்டி ஒன்பதாம் நாள் காலையில், ஒரு நூல் அளவு நகர்ந்தது. அந்த அசைவு ஸ்பேனர் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்த நொடியை இன்றும் மறக்கவில்லை.

இன்ஜின் விடுபட்டதும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். இருபது ஆண்டுகளாக நின்ற வண்டியில் கிராங்கின் இருபுறத்து ஆயில் சீல்களும் கல்லாகியிருக்கும். அவற்றின் வழியாகக் காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் கலவை மெலிந்து, ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். இன்ஜினைப் பிரித்து சீல், பேரிங், ரிங் ஆகியவற்றை மாற்றிய பிறகே ஓட்டுங்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைத்தால் தொடங்குவதற்குச் சரியாக இருக்கும்.

டேங்கைக் கழற்றி, பழைய பெட்ரோலை அப்புறப்படுத்தி, தண்ணீரால் கழுவிய பிறகு, சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி, சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்குங்கள். மறுநாள் கரைசலைக் கொட்டி, சலவைச் சோடா நீரால் அலசி, உடனே உலர்த்தி, டூடி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிப் பூசிவிடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் அதன்மேல் வெல்டிங்கை நினைக்கவே கூடாது. எத்தனை ஆண்டு காலியாகக் கிடந்தாலும் மடிப்புகளில் தங்கிய ஆவி வெடிக்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ட்யூப்கள் தாங்காது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் ட்யூப்களைப் போடுங்கள். மழைக்காலத்தில் டேங்கைப் பாதியாக விட்டு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். அக்காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பதில்: ஆர்சி புத்தகம்

கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொறித்திருக்கும் இடத்தைக் கையாலேயே சுத்தம் செய்து, தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே கிரீஸ் தடவி டேப்பால் மூடிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சட்டத்தைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் இரண்டு இலக்கங்களைத் தேய்த்துவிட்டு, இன்றுவரை வண்டியைத் தெருவில் இறக்க முடியாமல் இருக்கிறார்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் வாகனப் பதிவு, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர வாகனங்களுக்கும் நான்கு சக்கரப் பயணிகள் வாகனங்களுக்கும் மட்டுமே உரியது. சரக்கு மூன்று சக்கர வண்டி அதில் வராது. எனவே அந்த வழியை நம்பித் திட்டமிடாதீர்கள். உங்கள் வண்டி சரக்குப் போக்குவரத்து வாகனமாகவே கருதப்படும். சாலையில் ஓட ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்றிதழ்) வேண்டும். உரிமையாளர் இறந்த பிறகு வாரிசு பெயருக்கு மாற்றுவதற்கான விண்ணப்பம் படிவம் 31. வாரிசுச் சான்றிதழையும் பழைய ஆர்சியையும் எடுத்துக்கொண்டு, பெயிண்டுக்குச் செலவழிக்கும் முன்பே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: உப்பளத்துப் பிள்ளை (தூத்துக்குடி)

அண்ணன்மார் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். பின்கதவைச் சலவைச் சோடாத் தொட்டியில் இரண்டு இரவு வைத்து, ஆறு முறை கழுவினேன். சில்வர் நைட்ரேட் சோதனையில் முதல் கழுவலின் நீர் மோர் போல வெளுத்தது; நான்காம் முறை லேசாகக் கலங்கியது; ஆறாம் முறை தெளிவாக நின்றது. அன்று மாலையே எபாக்சி அடித்துவிட்டேன்.

ஒன்றைக் கேட்க வேண்டும். சரக்குப் பெட்டியின் இடப்புறப் பலகையைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது, மூன்று பெயிண்டுகளுக்கு அடியில் மஞ்சள் எழுத்துகள் தெரிந்தன. எங்கள் கடையின் பெயரும், அதன் கீழே 'பொடி உப்பு, கல் உப்பு' என்ற வரியும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. 'உ' என்னும் எழுத்தின் வால் சுழி தந்தையார் கணக்குப் புத்தகத்தில் போடுகிற அதே சுழி. அந்தத் தகரத்தின் கீழ்ப் பாதி துருவில் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பழைய தகரம் (நாகப்பட்டினம்)

தம்பி, அந்தப் பலகையை இனித் தேய்க்காதீர்கள். எழுத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, ஒவ்வொரு வளைவையும் பென்சிலால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் படமும் எடுங்கள். எழுத்து இருக்கும் மேல் பாதியில் இரும்பு கணீரென்று ஒலித்தால், அதை வெட்டாமல், கீழ்ப் பாதிக்கு மட்டும் புதிய தகரம் சேருங்கள். வெல்டிங் சூடு எழுத்துக்குப் போகாதபடி, மூட்டுக்கு மேலே ஈரச் சாக்கை மடித்து வையுங்கள். மேல் பாதியும் தாங்காது என்று தெரிந்தால், அந்தத் துண்டை முழுதாக வெட்டி எடுத்து வீட்டுக்குள் மாட்டிவிட்டு, புதிய தகரத்தில் அந்த டிரேசிங்கைக் கொண்டு அதே மஞ்சளில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: உப்பளத்துப் பிள்ளை (தூத்துக்குடி)

தட்டிப் பார்த்தேன், அண்ணா. எழுத்து இருக்கும் பகுதி கணீரென்று ஒலிக்கிறது. டிரேசிங் எடுத்தாகிவிட்டது, சனிக்கிழமை கீழ்ப் பாதியை வெட்டுகிறேன்.