இறால் பாஸ்டா: இறால் றப்பர் மாதிரி, சோஸ் தண்ணீர் மாதிரி. எங்கே பிழை?

வெள்ளவத்தை அம்மா, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று தடவை செய்துவிட்டேன், மூன்று தடவையும் ஒரே பிழை. அதனால் கேட்கிறேன்.

வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரவே ஏழு மணியாகிவிடும். அரை மணித்தியாலத்தில் சாப்பாடு மேசைக்கு வந்தாக வேண்டும். மகளுக்கு இறால் பாஸ்டா என்றால் உயிர். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு வீட்டில் மரக்கறி என்பதால் சனிக்கிழமை இரவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடையில் வாங்க வேண்டாம், உங்கள் கையால்தான் வேண்டும் என்று நிற்கிறாள்.

நான் செய்கிற முறை இது. நாலு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி, 500 கிராம் உறைந்த இறால் பக்கற் ஒன்று. இறாலைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி, தேசிக்காய்ப்புளி, உப்பு, மிளகு போட்டு இருபது நிமிடம் ஊற வைப்பேன். நொன்ஸ்ரிக் சட்டியில் பட்டரும் உள்ளியும் போட்டு, உள்ளி பொன்னிறமானதும் இறால் முழுவதையும் கொட்டுவேன். உடனே சட்டி நிறையத் தண்ணீர் விடும். அது வற்றும் வரை பத்து நிமிடமாவது அடுப்பில் இருக்கும். ஸ்பகெட்டியை அவித்து, ஒட்டாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் பிரட்டி வைப்பேன். கடைசியில் இரண்டையும் கலப்பேன்.

இறால் சுருண்டு கடினமாகிவிடுகிறது. சோஸ் கோப்பையின் அடியில் தனியாக நிற்கிறது. ஸ்பகெட்டியில் சுவையே ஏறுவதில்லை. உள்ளியும் சில நேரம் கசக்கிறது.

தெஹிவளை மாமி

பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம் மூடி அவிய விட்டுப் பாருங்கள். ஆட்டிறைச்சி அப்படித்தானே மெதுவாகும்? கணவாயும் நேரமெடுத்துத்தான் பதமாகும்.

பழைய சமையற்கட்டு

மாமி சொன்னது ஆட்டிறைச்சிக்குச் சரி. அதில் இருக்கிற தசைநார் நேரமெடுத்து அவிந்தால்தான் கரையும். கணவாயும் ஒன்றில் இரண்டு நிமிடத்தில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம் அவிக்க வேண்டும். இறாலில் அப்படிக் கரைவதற்கு ஒன்றும் இல்லை. சூடு கூடக்கூடத் தசை சுருங்கி உள்ளே இருக்கிற நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதனால் அவிய அவிய இன்னும் இறுகும்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஒன்பது வருடம் நின்றவன். பதில் சொல்ல முதல் இரண்டு விசயம் கேட்க வேண்டும் அக்கா. சட்டியில் போடும்போது இறாலின் நடுவில் ஐஸ் இருந்ததா? சட்டி எவ்வளவு அகலம்?

வெள்ளவத்தை அம்மா

மேலே இளகியிருந்தது, உள்ளே கல் மாதிரித்தான் இருந்திருக்கும். சட்டி ஒரு சாணை விடக் கொஞ்சம் கூட. அடுப்பு சாதாரண இரண்டு பேர்னர் கேஸ் அடுப்பு.

பழைய சமையற்கட்டு

அப்படியென்றால் முக்கால்வாசிப் பிரச்சினையும் தண்ணீர்தான்.

உறைந்த இறாலுக்கு மேலே ஐஸ் பூச்சு ஒன்று இருக்கும். சில பக்கற்றுகளில் இறால் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பொஸ்பேற்றும் சேர்த்திருப்பார்கள், பின்பக்கத்தில் எழுதியிருக்கும். அதெல்லாம் சட்டியில்தான் வெளியே வருகிறது. சின்னச் சட்டியில் அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு சட்டென்று விழுந்துவிடும். பிறகு அது வதங்காது, தன் தண்ணீரிலேயே அவியும். அந்தத் தண்ணீர் வற்றட்டும் என்று நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிற பத்து நிமிடத்தில்தான் இறால் கெட்டுப்போகிறது. நடுத்தர அளவு இறாலுக்கு நல்ல சூட்டில் ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம் போதும்.

அதனால் சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். காலையிலேயே பக்கற்றை ஃப்ரீசரில் இருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோனால், தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கள். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம், வெளிப்பக்கம் அப்போதே அவியத் தொடங்கிவிடும். இளகியதும் டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மேலேயும் ஒரு தாள் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். கையில் தொட்டால் ஒட்ட வேண்டும், வழுக்கக் கூடாது. இந்த ஒரு வேலையை அவசரப்படாமல் செய்தால் மிச்சம் தானாக வரும்.

தேசிக்காய்ப்புளியில் ஊற வைப்பதை விடுங்கள். புளி பச்சை இறாலையே வெள்ளையாக்கி இறுக்கிவிடும், அடுப்பில் வைக்க முதலே பாதி அவிந்த மாதிரி. புளியை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், வாசமும் நிற்கும். ஊற வைக்கத்தான் வேண்டும் என்றால் 500 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் பிரட்டி, ஃப்ரிட்ஜில் கால் மணித்தியாலம் வையுங்கள். சோடாவுக்கு இறால் தன் நீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், கடித்தால் மொறுமொறுவென்று உடையும். பொஸ்பேற் போட்ட பக்கற் என்றால் இது தேவையில்லை.

சட்டியில் எண்ணெய் விட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு இறாலை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றோடு ஒன்று முட்டக் கூடாது. போட்டதும் கிளறாமல் விடுங்கள். திருப்பிப் போட்டு, ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்து கண்ணாடித்தன்மை போனதும் வெளியே எடுத்துத் தட்டில் வையுங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் நேரம் கடந்துவிட்டது. பட்டரை இந்தச் சூட்டில் போட்டால் கருகும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

உள்ளி அடுத்தது. அதே சட்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு, புது எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். ஓரம் மஞ்சளாகத் தொடங்கியதும் இடித்த செத்தல் மிளகாயைப் போட்டு, உடனே ஒரு அகப்பை பாஸ்டாத் தண்ணீர் ஊற்றுங்கள். பொன்னிறமாகும் வரை நின்றால் அடுத்த நிமிடமே கருகிக் கசக்கும்.

பாஸ்டா எழுதக் கை வலிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

தெஹிவளை மாமி

நல்லது தம்பி. நான் இவ்வளவு நாளும் இறால் பிரட்டலையே அரை மணித்தியாலம் வைத்திருக்கிறேன்.

நீர்கொழும்பான்

சனிக்கிழமை என்றால் நேரம் இருக்கிறதே அக்கா, தலையோடு பச்சை இறால் வாங்கலாமே. வெள்ளவத்தைச் சந்தையிலேயே காலையில் வரும். பேலியகொடை மீன் சந்தைக்கு விடியவே போக முடிந்தால் இன்னும் நல்லது. கடல் இறாலும் களப்பு இறாலும் வரும், புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணை இறாலும் வரும். எது என்று கேட்டு வாங்குங்கள். தலை உடலோடு இறுக்கமாக நிற்க வேண்டும், தொட்டால் விழக் கூடாது. அமோனியா மாதிரி மூக்கில் ஏறினால் வேண்டவே வேண்டாம். ஓட்டில் மெல்லிய கறுப்புப் பட்டால் மட்டும் பழுது என்று முடிவு கட்டாதீர்கள், காற்றுப் பட்டும் கறுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தலையை எடுத்துவிடுங்கள். தலைக்குள் இருக்கிற நொதியம் உடலுக்கு இறங்கினால் சதை மாவு மாதிரிப் போய்விடும். முதுகில் கீறிக் குடலையும் எடுங்கள், அதில் மண் இருந்தால் பல்லில் நறநறக்கும்.

தலையையும் ஓட்டையும் தயவுசெய்து எறியாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிவக்க வறுத்து, அகப்பையால் தலைகளை நசுக்கி, இரண்டு கப் தண்ணீர் விட்டுக் கால் மணித்தியாலம் கொதிக்க வைத்து வடியுங்கள். எங்கள் அம்மா சொதிக்கு இதைத்தான் ஊற்றுவா. உங்கள் சோஸுக்கு வேண்டிய சுவை முழுக்க அதில் இருக்கிறது. பக்கற் இறாலில் அது வராது.

பழைய சமையற்கட்டு

இந்தத் தம்பி சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனிப் பாஸ்டா. அலசுவது சீன நூடில்ஸ் பழக்கம், அதைப் பிறகு பிரட்டி வறுக்கப் போவதால் அங்கே சரி. ஸ்பகெட்டியின் மேலே இருக்கிற மாப்பசைதான் சோஸைப் பிடித்துவைக்கும். அதைக் கழுவிவிட்டு எண்ணெயும் பூசினால் சோஸ் வழுக்கிக் கீழேதான் நிற்கும். 400 கிராமுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், சுமார் 25 கிராம் உப்பு. உங்கள் அடுப்பில் மூன்று லீற்றர் கொதிக்க நேரமெடுக்கும் என்பதால் வந்தவுடன் அதை மூடி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பக்கற்றில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக எடுத்து நேரே சட்டிக்குப் போடுங்கள். வடிக்க முதல் ஒரு கப் தண்ணீரை எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.

உள்ளிச் சட்டியில் இறால் தலைச்சாறு, ஸ்பகெட்டி, கொஞ்சம் பாஸ்டாத் தண்ணீர். நல்ல நெருப்பில் இரண்டு நிமிடம் விடாமல் பிரட்டினால் மாப்பசையும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாகி ஒவ்வொரு நூலிலும் ஒட்டும். அடுப்பை அணைத்து, பட்டர், தேசிக்காய்ப்புளி, எடுத்து வைத்த இறால். இறாலுக்கு அந்தச் சூடே போதும், திரும்ப நெருப்பு வேண்டாம்.

கறிவேப்பிலை

தேங்காய்ப்பால் விடலாமா? எனக்கு ஒவ்வொரு தடவையும் திரிந்துபோகிறது.

பழைய சமையற்கட்டு

விடலாம், நல்ல சுவை. முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் குமிழி வரும்போதே இறக்குங்கள். கொதித்தால் திரியும். புளியும் அதில் குறைத்துத்தான் விட வேண்டும். ஆனால் பிறந்தநாளுக்கு முதல் தடவையாகப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளவத்தை அம்மா, சனி இரவு

இப்போதுதான் சாப்பிட்டு முடித்தோம். மகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள், இவர் கோப்பையைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார்.

காலையில் சந்தையில் 700 கிராம் தலையோடு வாங்கினேன். தலையை நசுக்கும்போது எண்ணெய் செம்மஞ்சளாக மாறியது. அந்த வாசத்துக்கு மகள் அறையில் இருந்து எழும்பி வந்துவிட்டாள். ஈரம் துடைத்த இறால் சட்டியில் பட்டதும் சர்ரென்ற சத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. சோஸ் ஸ்பகெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

ஒரே குறை, உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. அப்புறம் இன்னொரு கேள்வி, ஒரு கோப்பை அளவு மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

பழைய சமையற்கட்டு

கேட்கவே சந்தோசம் அக்கா. இறாலில் ஊற வைத்த உப்பு, பாஸ்டாத் தண்ணீர் உப்பு இரண்டும் சட்டியில் வற்றும்போது சேர்ந்துவிடும். அடுத்த முறை தண்ணீரில் 20 கிராமுக்குக் குறையுங்கள், அந்தக் கப்பையும் முழுக்க ஊற்றாமல் அகப்பை அகப்பையாக விட்டு ருசி பாருங்கள்.

பாடசாலைக்கு வேண்டாம். கொழும்பு வெயிலில் இறால் சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இப்போதே மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, நாளைக்கே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இறால் இன்றைக்குப் போல இருக்காது, சற்று இறுகும்.

வெள்ளவத்தை அம்மா

சரி தம்பி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். நாளைக்கு மத்தியானம் தனக்கு என்று மகள் மூடியில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள்.